மதகுக் காவல்

மதகுக்குப் பக்கத்தில் நின்ற எலுமிச்சங்கன்று கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை முழுக்க அதற்கு ஊற்றிவிட்டார்.

சும்மா இருப்பதுதான் அன்று அவருடைய வேலை. அவர் சுரங்கக் கம்பெனியில் குமாஸ்தா. அந்த வறண்ட பூமியில் செம்பு எடுக்கத் தண்ணீர் வேண்டும். இருக்கிற ஒரே வாய்க்காலின் உரிமையோ தையற்காரம்மாவிடம். இரண்டு வருஷம் அவர் வயலுக்குத் தண்ணீர் பாயாவிட்டால் உரிமை காலாவதியாகிக் கம்பெனிக்குப் போய்விடும். ஒரு வருஷம் மழை பொய்த்தது. மறு வருஷம் மதகுச் சக்கரம் துருப்பிடித்துக்கொண்டது. அதைத் திருப்பப் போய் அம்மா கையை ஒடித்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் கம்பெனிச் சம்பளக்காரர்கள், உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. அது முடிந்தால்தான் கையெழுத்து என்று முதலீட்டாளர்கள் மானேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் இல்லாத சுரங்கத்தில் பணத்தைக் கொட்ட அவர்களுக்கென்ன பைத்தியமா?

"மதகு திறந்தா உங்க வேலை போச்சு" என்று சொல்லித்தான் மானேஜர் அனுப்பியிருந்தார். எறும்பைக்கூட அதட்டத் தெரியாத தன்னை ஏன் காவலுக்குப் போட்டார் என்று கண்ணாடிக்காரருக்கு விளங்கவேயில்லை.

பாட்டில் காலியானதும் தாகம் எடுத்தது. வேறு வழியில்லாமல் தையற்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். மாவுக்கட்டுக் கையோடு அவர் பானையைச் சாய்த்து, கடைசித் தண்ணீரை டம்ளரில் வடித்துக் கொடுத்தார்.

"வேணாம்மா, நீங்க குடிங்க."

"வெயில்ல நிக்கிறது நீங்கதானே சார். குடிங்க."

குடித்தார். அதன் பிறகு மனசு கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு குடம் பிடித்தால் மதகில் மாட்டியிருக்கும் நீர் மீட்டருக்கா தெரியப்போகிறது? சக்கரத்தை லேசாக அசைத்தார். அசையவில்லை. முழு பலத்தோடு தொங்கினார். கிரீச்சென்று நாலு சுற்று சுற்றி, கைப்பிடி தனியே கழன்று கையோடு வந்துவிட்டது.

குடம் எந்த மூலைக்கு? தண்ணீர் பாய்ந்தது. கல்லை வைத்து அடைத்தார், உருட்டிக்கொண்டு போனது. சட்டையைக் கழற்றித் திணித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் வயலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது கம்பெனிச் சட்டைதான்.

நாலரைக்கு நீர்த்துறை அளவுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து மீட்டரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் பனியனோடு நின்று, திறந்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"யார் திறந்தாங்கன்னு எழுத இதுல கட்டமே இல்ல சார்" என்ற அளவுக்காரர், தண்ணீர் பாய்ந்தது, உரிமை செல்லும் என்று எழுதி முத்திரை குத்தினார்.

போனில் விஷயத்தைக் கேட்ட மானேஜர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பின்னால் முதலீட்டாளர்கள் நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

தையற்காரம்மா ஈரச் சட்டையோடு வந்தார். ஒற்றைக் கையால் பிழிய வரவில்லை. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இவர் முறுக்கினார்.

"வேலை போச்சா?"

"போச்சும்மா."

"மதகைத் திறந்து மூட எனக்கு ஒரு ஆள் வேணும். சம்பளம் கம்மிதான்" என்றார் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமலே.

வயல் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது. வேலை போன மனுஷனுக்கு இத்தனை சந்தோஷம் கூடாதுதான். ஆனால் கண்ணாடிக்காரருக்கு இருந்தது. அம்மா உள்ளே போனதும், போயும் போயும் என்னை எதற்கு அனுப்பினார்களோ என்று அளவுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

அளவுக்காரர் வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவுக்குக் கையில கட்டு, நான்தான் உங்க ஆபீசுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தேன். 'யாரை வேணும்னாலும் காவலுக்குப் போடுங்க, நான் யூனிஃபார்ம் அளவெடுக்க வந்தப்போ பார்த்த அந்தக் கண்ணாடிக்காரரை மட்டும் அனுப்பாதீங்க, அவருக்கு ஈவு இரக்கமே கிடையாது'ன்னு அம்மா உங்க மானேஜர்கிட்ட சொன்னாங்க."