எந்த ஃபில்டர் என்று இன்னும் முடிவாகவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதப் பேனா போகவில்லை, அதனால் இருக்கிறேன் என்று எழுதுகிறேன். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். தங்கச்சி முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நான் அழுதுவிடுவேனோ என்று உங்களுக்குப் பயம். கடிதத்தில் அழுதால் உங்களுக்குக் கேட்காது. எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பிள்ளைகளைத் திருத்தச் சொல்லிப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்கள் அண்ணனுடைய வண்டி. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, வாங்குகிறவரை அழைத்து வருவதாகச் சொன்னீர்கள். அவர் வந்ததும் முதலில் பானெட்டைத் திறந்துதான் பார்ப்பார், ஒரு புது ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றி வைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை என்றீர்கள். அந்தப் பத்து நிமிடம் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் அண்ணனுக்கே இரண்டு வருடம் போதவில்லை. காகித ஃபில்டர் போடுவதா, துணி ஃபில்டர் போடுவதா என்று ஒரு நோட்டுப் போட்டு, இந்தப் பக்கம் காகிதம் அந்தப் பக்கம் துணி என்று கோடு கிழித்து எழுதிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது "நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும், எதையாவது வாங்கிப் போடுங்க, குழம்பு ஆறுது என்பேன். இப்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் "அவளைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். கேட்காமலே ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்தவர், வீட்டில் ஒரு மூடியை மூடியதில்லை. பிஸ்கட் டப்பா திறந்து கிடக்கும், எறும்பு வரும். பற்பசை மூடி வாஷ்பேசினில் உருளும். ஊறுகாய் பாட்டிலின் மூடியை மேலே சும்மா வைத்திருப்பார், நான் மூடியைப் பிடித்துத் தூக்குவேன், பாட்டில் காலில் விழும். ஏன் இப்படி என்று கேட்டால் "நாளைக்கும் திறக்கத்தானே போறோம்" என்பார். முப்பத்தோரு வருடம் இந்த வீட்டில் மூடி மூடுகிற வேலை என்னுடையது. லிப்ட் கதவை மட்டும் எப்படி மூடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அது தானாக மூடிக்கொள்ளும் என்றார்.

அப்படிப்பட்டவர் அந்த ஸ்போர்ட்ஸ் காரை மட்டும் பதினோரு வருடம் தானே கழற்றித் தானே மாட்டினார். நசுங்கிக் கிடந்ததை வாங்கி வந்தபோது நான் இரண்டு நாள் பேசவில்லை. இரண்டே சீட்டு, தரையோடு தரையாக இருக்கும், உள்ளே போவதற்குப் பாதி படுக்க வேண்டும். வேறு யாரையும் பானெட்டைத் தொட விடமாட்டார். என்னை உள்ளே உட்கார வைத்து, கியரை நடுவில் வைத்து, சாவியைத் திருப்பு, காலை எதன்மேலும் வைக்காதே என்பார். அவர் முன்னால் குனிந்து காதைக் கொடுப்பார். நான் திருப்புவேன். வண்டி விஷயத்தில் என் படிப்பு அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடி மெக்கானிக்கை வரச் சொன்னேன். 'பார்த்துக்கலாம்' என்று நாம் பட்டப்பெயர் வைத்தோமே, அவர்தான். ஆள் சுத்தமானவர். கழற்றிய திருகைத் துடைத்துத்தான் கீழே வைப்பார், ஒன்றைக்கூட அரைகுறையாக முடுக்க மாட்டார். ஃபில்டர் பெட்டியைத் திறந்து பழையதை எடுத்தார். கரி மாதிரி இருந்தது. அதைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வீட்டுக்குள் வந்த அழுக்குத் துணி மாதிரி அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணிக்கல்லில் வைத்து, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்து, இரண்டு கிளிப் போட்டுக் கொடியில் காயப் போட்டேன். அவர் வந்து கொடியைப் பார்த்தார். பிறகு "அக்கா, இது காகிதம்" என்றார். ரொம்ப அழுக்காக இருந்தது என்றேன். "அழுக்கப் பிடிக்கத்தானே அது அங்க இருக்கு" என்றார். காய்ந்த பிறகு அது மழையில் நனைந்த டெலிபோன் புத்தகம் மாதிரி உப்பிப்போய் நின்றது.

சரி, புதிதாகவே வாங்குவோம் என்று இரண்டு பேரும் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜைமேல் மூன்று வகையைப் பரப்பினார். காகிதம் பொடித் தூசியைக்கூட விடாதாம், ஆனால் வருடா வருடம் மாற்ற வேண்டுமாம். துணி அதிகக் காற்று விடுமாம், கழுவலாமாம், அதற்கென்று இருக்கிற எண்ணெயைத் தடவ வேண்டுமாம். கழுவலாம் என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. மூன்றாவது கூம்பு மாதிரி, பெட்டியே கிடையாது, சும்மா திறந்து நிற்கும். வண்டியை எதற்கு ஓட்டுவீர்கள், ரேஸுக்கா என்று என்னைக் கேட்டார். விற்பதற்கு என்றேன். அப்படியென்றால் காகிதமே போதும் என்று கட்டிக் கொடுத்தார்.

மெக்கானிக் அதைப் பெட்டியில் வைத்து, நாலு கிளிப்பையும் டக் டக் டக் டக் என்று மாட்டி, ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். நான் சமையலறையில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். மறுபடி ஹாரன். எட்டிப் பார்த்தால் நம் வண்டி, வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

தம்பி, இதைப் போனில் சொல்ல முடியாதென்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். உங்கள் அண்ணன் தெருமுனையில் திரும்பும்போது அந்த வண்டி ஒரு மூச்சு இழுக்கும். ஜலதோஷம் பிடித்தவர் தூக்கத்தில் இழுப்பாரே, அந்த மாதிரி. அது கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உள்ளே வருவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். பதினோரு வருடம் நான் கடிகாரம் பார்த்து டீ போட்டதில்லை. வண்டி போகட்டும், இரண்டு சீட்டு வண்டியை வைத்து நான் என்ன செய்ய. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தச் சத்தத்தோடு தெருமுனையில் திரும்பி வாசலில் வந்து நிற்கட்டும். அது என் காதில் விழட்டும். பிறகு நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். சத்தம் ஃபில்டரைப் பொறுத்ததுதான் அக்கா, பார்த்துக்கலாம் என்றார். மறுநாள் துணி ஃபில்டர் வாங்கினோம். எண்ணெய் தடவுவது என் பொறுப்பு என்றேன். தலைக்கு வைக்கிற மாதிரி நன்றாக ஊற வைத்தால்தானே பிடிக்கும் என்று பாட்டில் முழுவதையும் ஊற்றித் தேய்த்துவிட்டேன். வண்டி தெருமுனைவரை போய் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. உள்ளே காற்றை அளக்க முடி மாதிரி ஒரு கம்பி இருக்கிறதாம், அதன்மேல் எண்ணெய் ஏறிவிட்டதாம். அரை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தார். "அக்கா, இதுக்கு நாலு சொட்டு போதும், இது கல்யாணப் பொண்ணு தலையில்ல" என்றார். சிரிப்பு வந்தது. உங்கள் அண்ணன் போனதற்கப்புறம் முதல் தடவை சிரித்தேன், பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெயைத் துடைத்து, மாட்டி, நாலு கிளிப்பையும் போட்டு ஓட்டினார். நன்றாகத்தான் ஓடியது. மூச்சு மட்டும் இல்லை.

அதற்கடுத்த நாள் கூம்பு. அது மூச்சில்லை தம்பி, அது ஊரைக் கூட்டியது. மாடி வீட்டுக் குழந்தை அலறியது, எதிர்வீட்டு வாத்தியார் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று இரண்டு குடத்தோடு வெளியே வந்தார். என் காதில் விழவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் அது உங்கள் அண்ணன் இல்லை. அவர் சத்தமாகப் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா. மெக்கானிக்குக்கும் அது பிடிக்கவில்லை. இன்ஜின் சூட்டையே அது திரும்ப உள்ளே இழுக்கிறது என்று கழற்றிவிட்டார்.

கடைசியாக, கொடியில் காய்ந்த பழைய ஃபில்டரையே திரும்ப வைத்துப் பார்ப்போம் என்றேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தார், நாலு கிளிப்பையும் மாட்டினார், ஒரே ஒரு சுற்றுப் போய் வந்தார். இல்லை. அதிலும் இல்லை. ஆக நான்தான் கெடுத்துவிட்டேன். அதில் அவர் ஓட்டிய ரோட்டுத் தூசியெல்லாம் இருந்தது, சத்தமும் அதில்தான் இருந்திருக்கும். நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். யார்மேல் கோபப்படுவது. முப்பத்தோரு வருடம் அவருக்குப் பின்னால் சுத்தம் செய்தே பழகிய கை.

அதனால் முடிவாக எழுதுகிறேன். புதுக் காகித ஃபில்டர் போட்டாகிவிட்டது. வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். சொன்னபடி அந்த ஞாயிறு வாங்குகிறவரை அழைத்து வாருங்கள். அவரிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லலாம், பொய்யில்லை. எனக்காக மனசு கஷ்டப்பட வேண்டாம், மதியம் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவனைக் கண்ணாடியைக் கழற்றாமல் படிக்கச் சொல்லுங்கள். சின்னவளுக்கு என் முத்தம். எல்லோரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டக் கோந்து பாட்டிலை எடுத்தேன். உங்கள் அண்ணன் கடைசியாக எடுத்தது. மூடி மேலே சும்மா உட்கார்ந்திருந்தது, கோந்து கல்லாகக் காய்ந்திருந்தது. இந்த மனுஷன் எதைத்தான் மூடியிருக்கிறார் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டியவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே வண்டி நிற்கிற ஷெட்டுக்குப் போனேன். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெட்டிக்கு நாலு கிளிப். மூன்று கிளிப் அவர் விரல் பட்டுப் பட்டுப் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது. பின்பக்கம் குனிந்து கைவிட்டு மாட்ட வேண்டிய நாலாவது, கடையில் வந்த மாதிரிப் புதுக் கறுப்பாக இருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எப்போதும் மூன்று டக்தான் கேட்கும். அந்த நாலாவதைக் கழற்றிவிட்டேன். உள்ளே போய்ப் பாதி படுத்து, கியரை நடுவில் வைத்து, காலை எதன்மேலும் வைக்காமல் சாவியைத் திருப்பினேன்.

கேட்டது தம்பி. அதேதான். அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்படித் திறந்து விட்டால் தூசி உள்ளே போய் இன்ஜினையே தின்றுவிடும் அக்கா என்றார். நாலையும் மாட்டியே ஓட்டுங்கள், தெருமுனைக்கு வந்ததும் இறங்கி ஒன்றைக் கழற்றிவிட்டு வாசல்வரை வாருங்கள், வாரம் ஒரு தடவை போதும், டீ என் பொறுப்பு என்றேன். பார்த்துக்கலாம் என்றார்.

ஆகையால் அந்த ஞாயிறு யாரையும் அழைத்து வர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். வாங்குகிறவர் கேட்டால், அந்த வீட்டில் எந்த ஃபில்டர் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லையாம், இரண்டு வருடம் ஆகுமாம் என்று சொல்லிவிடுங்கள். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரிந்து வந்தால் கோபிக்க வேண்டாம்.