தம்புசாமி போட்ட ஜாயிண்டு

காலையில் தம்புசாமி தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனபோது நீச்சல் குளத்துத் தண்ணீர் மறுபடியும் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

"என்னண்ணே, ஒங்க குழாய் ஜாயிண்டு அழுவுது போலருக்கே?" என்றான் தோட்டக்காரன் சுப்பன்.

"தம்புசாமி போட்ட ஜாயிண்டு அழாதுலா. போய்ப் புல்ல வெட்டு."

சொல்லிவிட்டான். ஆனால் சுப்பன் நகர்ந்ததும் குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தான்.

மலாக்கா செர்காம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குழாய் வேலை என்றால் ஆலை பிட்டர் தம்புசாமிதான். துருப்பிடித்த பழைய குழாய்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, சீமையிலிருந்து வந்த பம்பையும் மணல் தொட்டியையும் அவன்தான் பூட்டினான். பம்பு குளத்துத் தண்ணீரை இழுக்கும். மணல் அதை வடிகட்டும். தெளிந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியே குளத்துக்கே திரும்பும். மரைக்கு மரை சணல் சுற்றி, தாலி முடிச்சை முடுக்குவது போல முடுக்கியிருந்தான். வடிகால் வால்வையும் பார்த்தாயிற்று. இறுக மூடித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுத் தோட்டத்துத் துரைமார் எல்லாரும் நீந்த வருகிறார்கள். முதலில் குதித்துத் திறந்து வைப்பது நம் துரை. அதற்குள் தண்ணீர் நிற்காவிட்டால் மலாக்கா டவுன் பிட்டரைக் கூப்பிடுவேன் என்றாள் துரைசானி. தன் குழாயில் இன்னொருவன் ஸ்பானர் வைப்பதா? அந்த நினைப்பில் தம்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"முனியாண்டி மரத்துக்கு அடியில குழாய விட்டுட்டீங்க. அவருதான் குடிக்கிறாரு" என்றாள் மனைவி இருசம்மாள்.

"ஒரு குளத்தயேவா?"

"காவல் தெய்வம்ங்க. ராவெல்லாம் நடக்குறவரு. தாகம் எடுக்காதா?"

சிரித்தான். ஆனால் மறுநாளே திரும்புகுழாயைக் கழற்றி, மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டான். சேவல் ஒன்றும் நேர்ந்துகொண்டான். பகலெல்லாம் ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் குளத்தை நிரப்பினான்.

விடிந்ததும் பார்த்தால் முழங்கால் அளவு.

"இப்ப சுத்தி வந்து குடிக்கிறாருண்ணே!" என்றான் சுப்பன்.

தம்புசாமி வெறிகொண்டவன் போலப் புல்தரையைத் தோண்டினான். துரைசானியின் ரோஜாச் செடிகள் வேரோடு சாய்ந்தன. குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஈரமே இல்லை. மண் மாவு மாதிரி உதிர்ந்தது. குழாயை நம்புவதா, குளத்தை நம்புவதா? இத்தனை வருஷமாகக் கையை நம்பியே நிமிர்ந்து நடந்தவன் அன்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

மறுபடி நிரப்பினான். சனிக்கிழமை காலையில் கணுக்கால்கூட நனையவில்லை.

துரைசானி கத்திய கத்தல் தொழிலாளர் லயம் வரைக்கும் கேட்டது. துரை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கிரீஸ் கறை படிந்த விரலால் சிகரெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பரவால்ல தம்புசாமி. மெதுவா செய். ஒரு மாசம் ஆனாலும் சரி."

அந்தக் கருணைதான் அவனைக் கொன்றது. இப்படிப்பட்ட மனுசனைச் சபையில் தலைகுனிய வைக்கப் போகிறோமே!

சாயங்காலம் வெறும் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஸ்பானர்களைச் சாக்கில் சுருட்டினான். பங்களாவிலேயே தங்கிக் கூட்டிப் பெருக்கும் குஞ்சம்மா விளக்குமாற்றோடு வந்தாள்.

"எங்கண்ணே, சாமானெல்லாம் கட்டியாச்சு?"

"என் கை போச்சு குஞ்சம்மா. டவுன்காரனையே கூப்பிடச் சொல்லப் போறேன்."

குஞ்சம்மா வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். துரை காலை நீட்டிச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பைத்தியமாண்ணே ஒங்களுக்கு? ஒங்க ஜாயிண்டுல சொட்டுத் தண்ணி ஒழுகல."

தம்புசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"பின்ன தண்ணி எங்கதான் போச்சு?"

"தெனம் ராத்திரி வடிகால் வால்வத் தொறந்துவிட்டு, விடியுறதுக்குள்ள மூடுறதே துரைதான். அவருக்கு நீச்சல் தெரியாதுலா!"