பட்டாணிச் சட்டமும் பூனைக்கண்ணும்

அரைகுறையாகப் படித்தவனை விருந்துக்கு அழைக்கலாம், பெண் பார்க்க மட்டும் அனுப்பக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

1930-களில் மதுரையில் பி.ஏ. முடித்து, இராஜபாளையத்தில் பள்ளி வாத்தியாராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்த எஸ்தரைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு வேறு இடத்தில் நோட்டம். (அங்கே பருத்திக்காடு இருந்தது.) எஸ்தர் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அவரை ரயிலேற்றினேன்.

எஸ்தரின் அப்பா ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவருக்குப் பூனைக்கண். என்ன படித்தீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டார். நானும் மரியாதைக்குப் பதில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பட்டாணிச் செடியில் தொடங்கினேன். நெட்டைச் செடி, குட்டைச் செடி, ஒரு தலைமுறையில் ஒளிந்த குணம் அடுத்ததில் தலைகாட்டுவது என்று அளந்தேன். அவர் தலையாட்டினார். அது போதாதா? மனிதக் கண்ணுக்குத் தாவிவிட்டேன்.

"ஒங்களுக்குப் பூனைக்கண்ணு. ஒங்க வீட்டம்மாவுக்கும் அப்படின்னு வச்சுக்கிடுங்க. பொறக்குற பிள்ளை அம்புட்டுக்கும் பூனைக்கண்ணுதான். கறுப்பு வரவே வராது. வந்தா, எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். இது சட்டம்."

அந்த நேரம் பார்த்துத்தானா எஸ்தரின் அம்மா காப்பித் தட்டோடு வர வேண்டும்? அவருக்கும் பூனைக்கண். (கம்பவுண்டருக்கு அவர் அத்தை மகள். ஒரே குடும்பத்துக் கண்.) பின்னால் எஸ்தர். அவள் கண் இரண்டும் நாவற்பழமாகக் கறுத்திருந்தன.

கம்பவுண்டர் எழுந்துவிட்டார். அப்பா என் தொடையைக் கிள்ளினார். அந்த அம்மா மட்டும் தட்டை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, எங்க வீட்டு நாய் ரெண்டும் வெள்ளை. போட்ட குட்டியில ஒண்ணு செவலை. அதுக்காகப் பெட்டை நாயை நாங்க யாரும் விசாரிக்கல. ஒங்க பட்டாணி இன்னும் வேகல. போயி வேக வச்சுட்டு வாங்க."

திரும்பும் ரயிலில் அப்பா வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மலையைப் பார்த்தபடி வந்தேன். இரண்டு பக்கம் பாடத்தை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் மானத்தைச் சபையில் எடைபோட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எஸ்தர் கைநழுவிப் போனது துக்கம்தான். ஆனால் வெட்கம் அதைவிட வலித்தது.

மறுவாரம் மதுரைக்குப் போய் என் பழைய பேராசிரியரிடம் விழுந்தேன். அவர் சிரித்து ஓய்ந்த பிறகு விளக்கினார். செடியின் உயரத்துக்கு ஒரு காரணி போதும்; மனிதக் கண்ணின் நிறத்துக்குப் பல காரணிகள் சேர வேண்டும். அதனால் பூனைக்கண் தம்பதிக்கும் எப்போதாவது கறுப்புக் கண் பிள்ளை பிறக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒரே அச்சாக இருந்துவிட்டால் உலகம் எதற்கு என்றும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். தனியாகக் கேட்டால் செல்லாது என்றார் அந்த அம்மா. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உட்கார வைத்தார். அன்றைக்குப் பேசிய அதே உரத்த குரலில், நான் படித்தது தப்பு என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். முடிந்ததும் காப்பி வந்தது. "இப்பத்தான் வெந்திருக்கு" என்றார்.

எஸ்தரைக் கட்டினேன். தலைப்பிள்ளை பிறந்தது. எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண். பிள்ளைக்குப் பளிச்சென்று பூனைக்கண். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தி வருமா எனக்கு? இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் பெரும்பாலும் இப்படித் தலைகாட்டும் என்று உற்சாகமாக விளக்கிவிட்டேன்.

மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார். "அப்ப ஒங்க பக்கமும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அது ஆருன்னு நாங்க கேக்க மாட்டோம் மாப்பிள்ளை."

என் அம்மா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் எவருக்கும் பூனைக்கண் கிடையாது.

இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வரை வந்தாயிற்று. தொட்டிலில் குழந்தை கண்ணைத் திறந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மாறாத சட்டம் அது ஒன்றுதான்.