சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

மனைவிக்குச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்தே தீருவது என்று 2012 ஆகஸ்டில் ஞானசிங் சபதம் எடுத்தார். சந்திரனில் தண்ணீர் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுலபம். அங்கே விக்டோரியாவின் அண்ணன்மார் கிடையாது.

துபாயில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் ஞானசிங். வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே கடற்கரைக்குப் போவார். வெள்ளைக்காரர்கள் காலில் பலகையை மாட்டி, இடுப்பில் ராட்சதப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் பறப்பதை வாயைப் பிளந்து பார்ப்பார். கைட் சர்ஃபிங் என்று பேர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பழைய பட்டமும் பலகையும் கொண்டுவந்து மார்த்தாண்டத்து வீட்டுப் பரணில் ஏற்றினார்.

போன வருஷம் மாமனார் ஊர்க் கடற்கரையில் வெள்ளோட்டம் நடந்தது. பட்டம் எழுந்தது. ஞானசிங் எழவில்லை. காற்று அவரைத் தரதரவென்று இழுத்துப்போய்க் கரைமடி வலைக்குள் போட்டது. மைத்துனர்கள் மூன்று பேரும் வலையை இழுத்து, சாளைக்கும் நெத்திலிக்கும் நடுவே அவரை மணலில் கிடத்தினார்கள். மூத்தவர் மரியஜான் குனிந்து பார்த்துக் கேட்டார்:

"மச்சானப் பொரிக்கவா, தேங்கா அரச்சுக் கொழம்பு வைக்கவா?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எழாத கல்யாண வீடு இல்லை. சாவு வீட்டில்கூட ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

மைத்துனர் கண்ணில் படாமல் ஒரே ஒரு தடவை தண்ணீர்மேல் நின்றுவிட வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் ஞானசிங்குக்கு வேறு ஆசையே கிடையாது.

சிக்கல் ஒன்றுதான். விக்டோரியாவின் சொந்தக்காரர்கள் யார் யார், எங்கே எங்கே என்று அவருக்குத் தெரியாது. துபாயில் இருந்தவரை வருஷத்தில் ஒரு மாதம்தான் லீவு. அந்த ஒரு மாதமும் விசேஷ வீடு என்றால் தலைவலி வந்துவிடும். மாமியார் பிறந்த ஊர் எது என்று கேட்டால், "கடற்கரைதான்" என்பார். ஆகவே எதிரியிடமே போய்ப் படைபலம் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஜில்லா வரைபடத்தை விரித்து வைத்து, பென்சிலோடு உட்கார்ந்தார்.

"ஏட்டி, மண்டைக்காட்டுல நமக்கு ஆராவது உண்டா?"

விக்டோரியா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்க சித்தி இருக்காவல்லா. கடலப் பாத்த வீடு."

ஒரு சிலுவை போட்டார்.

"முட்டம்?"

"எனக்க ஞானத்தாய். ஞானஸ்நானத்துக்கு என்னைய ஏந்துனவிய."

"குளச்சல்?"

"ஞானத்தாய்க்க மருமவன். மீன்பிடி போட்டு மூணு, மொபைலு நாலு."

"மணக்குடிக் காயல்?"

"மத்தியாஸ் மாமா. அவியளுக்க கையில பைனாகுலர் உண்டு."

"பைனாகுலரா! எதுக்குட்டி?"

"சும்மா. சொந்தக்காரங்களப் பாக்கத்தான்."

அரைமணி நேரத்தில் வரைபடம் கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. கிழக்கோரத்தில் ஒரே ஒரு புள்ளி மிச்சம்.

"சவுக்குமுனை?"

கத்தி நின்றது. "அங்கயா? அங்க ஆருமில்ல. மனுசன் போவானா? குடிக்க வெள்ளம் கெடையாது. கொட்டாரத்திலேருந்து நாளுக்கு ரெண்டே பஸ்ஸு. எப்பவும் பேய்க்காத்து. போவாண்டாம்."

"காத்து பலமோ?"

"ஆளத் தூக்கிட்டுப் போவும். பொறத்தால காயல் ஒண்ணு கெடக்கு, இடுப்பளவு வெள்ளம். நீங்க போவாண்டாம். நான் விடமாட்டேன்."

ஞானசிங்குக்கு எழுந்து நின்று பாட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"பின்ன, செப்டம்பர் எட்டாம் தேதி எங்கயும் போயிராதிங்கோ," என்றாள் விக்டோரியா. "எனக்க அம்மைக்க ஊருல குருசடிக் கோயில் திருவிழா. நீங்க துபாயிலேருந்து நல்லபடி வந்தா தேர்வடம் பிடிப்பியண்ணு மாதாவுக்கு நேந்திருக்கேன். ரெண்டு வருசமா ஏமாத்திப்போட்டிய. அண்ணன்மாரு மூணு பேரும் வாறாவ."

"எங்க புராட்டஸ்டண்ட் சபையில தேரே கெடையாதே பிள்ள."

"மாதா சபை பாக்கமாட்டா."

"பாப்பம் பாப்பம்."

அவர் மூளை வேறு கணக்குப் போட்டது. எட்டாம் தேதி மைத்துனர்கள் மூவரும் திருவிழாவில். சித்தி அங்கே, மாமா அங்கே, பைனாகுலரும் அங்கே. அப்படியானால் அன்றைக்குச் சவுக்குமுனைக்குக் காக்காகூட வராது! இடத்தையும் நாளையும் தங்கத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டாளே, மண்டு!

ஏழாம் தேதி சாயங்காலம் பட்டத்தைப் பையில் திணித்தார். தோவாளையில் துபாய் கூட்டுக்காரன் ஜாஸ்பர் வீட்டில் கல்யாணம் என்றார். விக்டோரியா சண்டை போடவில்லை. பையை மட்டும் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு இம்புட்டுப் பெரிய பையா?"

"பரிசு."

"அப்ப முண்டு வேணும்லா?" என்று வெளுத்த வேட்டி ஒன்றையும் துவர்த்துத் துண்டு ஒன்றையும் மேலே செருகினாள். இவளைப்போய் ஏமாற்றுகிறோமே என்று ஞானசிங்குக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது.

கொட்டாரத்தில் ராத்தங்கி, மறுநாள் ஏறிய காலை முதல் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர் தவிர அவரும், தோவாளையிலிருந்து வந்த மூன்று கூடைப் பூவும்தான். பூ யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பூ யாருக்கும் சொந்தக்காரர் அல்ல.

சவுக்குமுனை அவள் சொன்னபடியே இருந்தது. சவுக்குத் தோப்பு, தோப்புக்கு இந்தப் பக்கம் காயல், கண்ணுக்கெட்டியவரை ஆளில்லை. கச்சான் என்கிற மேல்காற்று காதைத் திருகியது. ஞானசிங் இடுப்பில் கட்டி, காலில் மாட்டி, கர்த்தரை வேண்டிக்கொண்டு பட்டத்தை விட்டார்.

முதல் தடவை குப்புற விழுந்தார். இரண்டாவது தடவை மல்லாக்க. ஆறாவது தடவைக்குள் காயலில் பாதியைக் குடித்திருந்தார். ஏழாவது தடவை காற்று ஒரு இழுப்பு இழுத்தது. பலகை எழுந்தது. பலகைமேல் ஞானசிங்கும் எழுந்தார். நின்றார். நின்றது மட்டுமா? போனார்! தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து தெறிக்க, தொப்பையும் துணிச்சலுமாகக் காயலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிழித்தார். பதினோரு வருஷம் கரையில் நின்று பார்த்த ஆனந்தம் இதுதானா என்று அழுகையே வந்துவிட்டது.

"மரியஜான்! இப்பப் பொரிடே பாப்பம்!" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்.

"வேண்டாம் மச்சான்! நீங்க வலையில அடங்க மாட்டிய!" என்று ஆகாயம் பதில் சொன்னது.

திரும்பிப் பார்த்தார். சவுக்குத் தோப்பு வழியாகப் பேண்ட் வாத்தியம் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கொடி, கொடிக்குப் பின்னால் மூன்று கூடைப் பூவையும் சூடிக்கொண்டு மாதாவின் தேர். கரையெல்லாம் ஜனம். தோப்புக்குப் பின்னால் மறைந்திருந்த ஊரே கை தட்டியது. முன்வரிசையில் மைத்துனர்கள் மூவரும் விசிலடித்தார்கள்.

இனி விழக்கூடாது. விழவும் இல்லை. சத்தியமாக விழவில்லை. ராஜா மாதிரி கரைக்கு வந்து இறங்கினார். மரியஜான் முழங்கால் வெள்ளத்தில் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "இனி இவியளக் கொழம்புண்ணு ஒருத்தன் சொன்னா, அவனைப் பொரிப்பேன்!"

ஒரு வருஷத்து மானம் ஒரே காற்றில் திரும்பி வந்துவிட்டது. பட்டுச்சேலையில் வந்த விக்டோரியா பையைத் திறந்து துவர்த்தை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். வேட்டியை நீட்டினாள்.

"கெட்டுங்கோ. வடம் பிடிக்கணும்லா?"

ஞானசிங்குக்கு அப்போதுதான் மாமியார் பிறந்த ஊரின் பெயர் தெரிந்தது.

"ஏட்டி, அப்ப மண்டைக்காட்டுச் சித்தி? மத்தியாஸ் மாமா?"

"எனக்க அம்மையும் ஒத்தப் பிள்ள, அப்பனும் ஒத்தப் பிள்ள. சித்திக்கும் மாமாவுக்கும் நான் எங்க போவேன்?"

"ஞானத்தாய்?"

"அவிய செத்து எட்டு வருசமாச்சு. அடக்கம் செஞ்ச அண்ணைக்கு நீங்க லீவுல வந்து தலைவேதனைண்ணு படுத்திருந்திய."

மைத்துனர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். பட்டக்கயிறு பிடித்துச் சிவந்த கையால் ஞானசிங் தேர்வடத்தைப் பிடித்தார். பத்தடி இழுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் நடந்த விக்டோரியாவிடம் மெல்லக் கேட்டார்:

"உண்மையச் சொல்லு. இண்ணைக்கு நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லாத கடற்கரைதான் எது?"

"இதத் தவிர மத்த எல்லாம்," என்றாள் விக்டோரியா.