அக்சோக்கியில் வசந்தம் அமலுக்கு வந்தது

உலகின் பிற பகுதிகளில் வசந்தம் தன் இஷ்டத்துக்கு வருகிறது. ஒரு வருஷம் முந்திக்கொள்ளும், ஒரு வருஷம் பிந்திவிடும், ஏன் என்று கேட்க நாதி கிடையாது. எங்கள் அக்சோக்கி மாவட்டத்தில் அந்த அராஜகம் நடக்காது. இங்கே வசந்தம் மார்ச் இருபத்திரண்டாம் தேதி, நௌரிஸ் பண்டிகையன்று, காலை பத்து மணிக்கு, நகரச் சதுக்கத்தில், மாவட்டத் துணைத் தலைவர் கையெழுத்தோடு வரும். கசாக் நாட்டின் வடகோடியில் ஏப்ரல் முடிகிறவரை பனி கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், அது பனியின் சொந்த விவகாரம். நிர்வாகம் தனிநபர் விஷயங்களில் தலையிடுவதில்லை.

இந்த மகத்தான ஏற்பாட்டில் தொல்கினுக்கும் ஒரு பங்கு உண்டு. 'அக்சோக்கி விடியல்' வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'சும்மா ஒரு பேச்சு' என்று பத்தி எழுதுகிறவள் அவள். மழை, பூனை, ரொட்டிக் கடை வரிசை, மேல்வீட்டுக்காரரின் குறட்டை என்று எதைப் பற்றியும் எழுதுவாள். படிக்கிறவர்கள் லேசாகச் சிரிப்பார்கள். படித்து முடித்ததும் ஒன்றுமே ஞாபகம் இருக்காது. அதனாலேயே அதிகாரிகள் அந்தப் பத்தியை மிகவும் மதித்தார்கள்.

அந்த மதிப்பின் காரணமாகத்தான் 'வசந்த வரவேற்புக் குழு'வின் கூட்டத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் துணைத் தலைவர் ஓரல்பெக். பண்பாடு, சுகாதாரம், வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் நிலையம் மூன்றும் அவர் பொறுப்பில் இருந்தன. மக்கள் ஆடுவது, நோயில் விழுவது, நடுங்குவது மூன்றையும் ஒரே மேஜையில் தீர்மானிக்கும் வசதி எத்தனை நாடுகளுக்கு வாய்த்திருக்கிறது?

"இந்த வருஷம் மாகாணத் தலைவர் நேர்ல வர்றார்," என்றார் ஓரல்பெக். "போன வருஷ போட்டோவப் பாத்தீங்கல்ல? பூரா கோட்டு. பூரா குல்லா. வசந்த விழாவா இழவு வீடான்னு மேல கேட்டுட்டாங்க. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. இந்தத் தடவ சதுக்கத்துல ஒரு கோட்டு என் கண்ணுல படக் கூடாது."

பொதுப்பணிக்காரர் தயங்கிக்கொண்டே எழுந்தார். எங்கள் ஊரில் 'அகா' என்றால் அண்ணன்; மேலதிகாரிகள் எல்லோரும் அண்ணன்கள்தான். "அகா, வெளிய மைனஸ் பதினாறு..."

"யார் சொன்னது?"

"வங்கி வாசல்ல பலகை ஓடுதே. மணியும் குளிரும் மாறி மாறிக் காட்டும்ல, அதுல."

"அத ரிப்பேருக்கு அனுப்பு."

"நல்லாத்தானே ஓடுது அகா?"

"அதான்யா பிரச்சனையே."

தீர்க்கதரிசனம் என்பது இதுதான். அதன்பிறகு கூட்டம் மளமளவென்று நடந்தது. பனியின் மேல் பச்சைக் கம்பளம் விரிப்பதென்று முடிவாயிற்று. மொட்டையாக நிற்கும் மரங்களில் பிளாஸ்டிக் ஆப்பிள் பூக்களைக் கட்டுவது. வசந்தம் வந்த பிறகும் கொதிகலன் எரிந்தால் அது வசந்தத்தையே நம்பாத செயல் ஆகும் என்பதால், விழா அன்று பகலோடு அதை அணைத்துவிடுவது. எல்லாவற்றுக்கும் எல்லோரும் கை தூக்கினார்கள். கை தூக்கினால் கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

"தங்கச்சி," என்று ஓரல்பெக் கடைசியாகத் தொல்கின் பக்கம் திரும்பினார். "விழாவுக்கு முந்தின நாள் உன் பத்தி வந்துரணும். இளவெயிலு, பூங்காத்து, அந்த மாதிரி லேசா ஒண்ணு. சும்மா உன் கைவரிசையக் காட்டு."

"வெயிலே இல்லையே அகா?"

"அதனாலதானே உன்னக் கூப்பிட்டது!"

எல்லோரும் சிரித்தார்கள். தொல்கினும் சிரித்தாள். வீட்டுக்குப் போய், கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, விரல்களை ஊதி ஊதி, ஒரே மூச்சில் எழுதினாள். 'நாளை சதுக்கத்துக்கு வருகிறவர்கள் கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இளவெயில் வந்து உங்கள் தோளில் கை போட்டுக்கொள்ளும்' என்று ஒரு வரி. அந்த வரி அவளுக்கே பிடித்திருந்தது. ஆசிரியர் கபிதெனுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. கட்டம் கட்டி முதல் பக்கத்தில் போட்டுவிட்டார். பத்து வருஷ எழுத்து வாழ்க்கையில் அவள் முதல் பக்கத்தைப் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் நீடித்தது. சாயங்காலம் மகள் கௌஹர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையோடு குதித்துக்கொண்டு வந்தாள். பைக்குள் வெள்ளை உடை ஒன்று. ஊதினால் பறக்கிற துணி, கை வைக்காத தைப்பு.

"இது என்னடி, கொசுவலையா?"

"அய்யோ அம்மா! பனிப்பூ நடனம். நான் முதல் வரிசை! உள்ளாற ஸ்வெட்டர் போடக் கூடாதாம். பூ குண்டாத் தெரியுமாம்."

கௌஹர் நிமோனியாவிலிருந்து எழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் தாங்காது, காற்றுப் படாமல் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நீ போக வேண்டாம்."

"முதல் வரிசைம்மா! நான் வரலன்னா நடுவுல ஓட்டை விழும். நான்தான் கால எடுத்து வைக்கணும், அப்பறம்தான் மத்தவங்க!" என்று கௌஹர் அழுதாள். அழுததில் இருமலும் வந்தது.

தொல்கின் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே சதுக்கத்துக்கு ஓடினாள். அங்கே ஓரல்பெக் காது மறைக்கும் குல்லாவோடு நின்று, மரத்தில் பூக் கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். கட்டுகிறவனின் கை விறைத்துப் பூக்கள் கீழே விழுந்துகொண்டிருந்தன.

"அகா, பிள்ளைங்கள மட்டுமாவது கோட்டு போட விடுங்க. புண்ணியமாப் போகும். என் பொண்ணு இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தா."

ஓரல்பெக் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். கோட்டின் உட்பையிலிருந்து அன்றைய 'விடியலை' எடுத்து விரித்தார். "இது யாரும்மா எழுதினது?"

"நான்தான். அது சும்மா எழுதினது அகா."

"அச்சுல வந்ததை சும்மான்னு சொல்லலாமா? ஊரே படிச்சிருச்சு. மாகாண ஆபீசுக்கும் அனுப்பியாச்சு. இனிமே நான் கோட்டுக்கு அனுமதி குடுத்தா, பத்திரிகை பொய் சொல்லுதுன்னு அர்த்தமாயிரும். எழுத்தாளரோட மானத்த நான் காப்பாத்தணுமா வேண்டாமா, நீயே சொல்லு?"

எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நிர்வாகம் வேறு எங்கே இருக்கிறது? தொல்கின் வீடு திரும்பினாள். அவள் தன் மேலேயே எரிச்சல்பட்டாள், ஓரல்பெக் மேல் எரிச்சல்பட்டாள், கடைசியில் மகள் மேல் எரிந்து விழுந்தாள். அழுது வீங்கிய முகத்தைக் காலையில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. உடைக்குள் இரண்டு கம்பளிப் பனியன்களைத் திணித்து, வாயில் சூடான பாலை ஊற்றி, கூட்டிக்கொண்டு போனாள்.

பனியன்கள் சதுக்கத்து வாசலிலேயே உரிக்கப்பட்டன. 'பூக்களின் தோற்றத்தைச் சரிபார்க்கும் பிரிவு' என்று அதற்கே இரண்டு பெண்களைப் போட்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் கோட்டு அணிந்திருந்தார்கள். பணியில் இருந்ததால் அவர்களுக்கு விலக்கு. மகளின் கோட்டைக் கையில் வைத்திருந்த குற்றத்துக்காகத் தொல்கினைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தினார்கள்.

விழா சீரும் சிறப்புமாக நடந்தது. மாகாணத் தலைவர் வரத் தாமதமானது. அது பதவிக்குரிய தாமதம். அதுவரை அதிகாரிகள், நம் பண்பாட்டின் பெருமையான கம்பளிக் கூடாரத்துக்குள், நம் பண்பாட்டின் இன்னொரு பெருமையான இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைத் தின்றுகொண்டு மக்களோடு சேர்ந்து காத்திருந்தார்கள். மக்கள் வெளியே காத்திருந்தார்கள். பண்டிகைக் கஞ்சி அண்டாவிலேயே உறைந்துவிட்டதால் அதைக் கத்தியால் வெட்டிப் பரிமாறினார்கள். குழந்தைகளின் உதடுகள் நீலமாகியிருந்தன. வெள்ளை உடைக்கு அந்த நிறம் எடுப்பாக இருந்ததென்று பண்பாட்டுப் பிரிவு குறித்துக்கொண்டது.

கடைசியில் மாகாணத் தலைவர் ஓநாய்த்தோல் கோட்டில் வந்து இறங்கினார். அவர் விருந்தாளி என்பதால் வழக்கப்படி அந்தக் கோட்டின் மேலேயே ஒரு பஞ்சு வைத்த பட்டு அங்கியும் போர்த்தினார்கள். கௌஹர் காலை எடுத்து வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். நடனம் முடிவதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டதால், மாகாணத் தலைவர் "அருமை, அருமை" என்றபடியே காரில் ஏறிவிட்டார். குழந்தைகள் போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்து ஆடி முடித்தார்கள்.

அன்று சாயங்காலமே கௌஹருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், பனிப்பூக் குழு முழுவதும் ஏற்கெனவே அங்கே வரிசை மாறாமல் படுத்திருந்தது. முதல் வரிசையில் ஒரு கட்டில் மட்டும் காலியாக இருந்தது. அதில் கௌஹரைப் போட்டார்கள்.

வார்டில் மூச்சு விட்டால் புகை வந்தது. சுவரோரக் குழாயைத் தொட்டுப் பார்த்த தொல்கின் கையை வெடுக்கென்று எடுத்தாள். ஐஸ்.

"கொதிகலன அணைச்சுட்டாங்கம்மா. வசந்தம் வந்துருச்சாம்," என்றாள் டாக்டரம்மா. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிக் குழந்தைகளின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பக்கமும் சளி கட்டியிருக்கு. மருந்து ஏத்திருக்கேன். ஆனா இந்தக் குளிர்ல கிடந்தா மருந்து என்ன பண்ணும்? இன்னிக்கு ராத்திரி சூடு வந்தாகணும். போன் போட்டுப் பாத்தேன். எடுக்க மாட்டேங்கறாங்க."

"நிமோனியாதானே?"

"நிமோனியாதான். ஆனா அப்படி எழுதக் கூடாதாம். குளிர்கால நோயெல்லாம் நேத்தோட முடிஞ்சிருச்சாம். 'பூ மகரந்த ஒவ்வாமை'ன்னு எழுதச் சொல்லி உத்தரவு."

"எந்தப் பூவுலேர்ந்து?"

"மரத்துல கட்டியிருக்காங்களே, அதுலேர்ந்து."

தொல்கின் மகளின் நெற்றியில் கை வைத்தாள். கௌஹர் கண்ணைத் திறந்து பார்த்தாள். "அம்மா, வெயில் வரும்னு நீ எழுதியிருந்தியே. அதான் அழாம நின்னேன்," என்றாள். குற்றம் சொல்லுகிற குரல்கூட இல்லை. விவரம் சொல்லுகிற குரல். தொல்கின் போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஓரல்பெக் உள்ளே வந்தார். பின்னால் கேமராக்காரர். ஓரல்பெக் கையில் சாக்லேட் பெட்டி, உடம்பில் கழுத்து வரை பொத்தான் போட்ட நரித்தோல் கோட்டு. ஒவ்வொரு கட்டிலாக நின்று, "ஒவ்வாமைதான், பயப்படாதீங்க, வசந்தம்னா தும்மல் வரத்தான் செய்யும்," என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். தாய்மார்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். கேமரா சுழன்றது.

"தங்கச்சி, நீயும் இங்கயா! நல்லதாப் போச்சு," என்றார் தொல்கினிடம். "தும்மலப் பத்தி லேசா ஒரு பத்தி எழுதிரு. ஜனங்க தேவையில்லாம பேசுறாங்க. உன் எழுத்துன்னா நம்புவாங்க."

நம்புவார்கள் என்பது தொல்கினுக்குத் தெரியும். சற்று முன்னால்தான் தெரிந்துகொண்டாள். எழுந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

"எழுதறேன் அகா. முதல்ல உக்காருங்க. வசந்தத்துல இவ்வளவு பெரிய கோட்டு எதுக்கு? கழட்டிக் குடுங்க, மாட்டி வெக்கறேன்."

"ஐயையோ வேண்டாம்மா!" ஓரல்பெக் பட்டென்று காலரைப் பிடித்துக்கொண்டார். "எலும்பு வரைக்கும் குளிருது இங்க!"

ஒரு தாய் மெதுவாக எழுந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல, ஒரு மாதிரி இதமா..."

"குளிருதுன்னு சொன்னீங்க," என்றாள் இன்னொருத்தி.

"வாய் தவறி..."

"எம்பிள்ளை கொசுவலையக் கட்டிக்கிட்டு நின்னப்ப இல்லாத குளிரு, நரித்தோலுக்குள்ள எப்படிய்யா வந்துச்சு?" என்று மூன்றாவது தாய் கத்தியேவிட்டாள். கட்டில்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நடுவில் வந்துவிட்டார்கள். அவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. தொல்கின் நிதானமாக ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, கோட்டை அவர் தோளிலிருந்து உருவி, கௌஹருக்கும் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் சேர்த்துப் போர்த்தினாள். அவ்வளவு பெரிய கோட்டு, தாராளமாக இருவருக்கும் போதும்.

வெறும் சட்டையோடு நின்ற ஓரல்பெக்குக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. போனை எடுத்தார். விரல் விறைத்து இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று.

"டேய், கொதிகலனப் பத்த வைடா! உத்தரவா? என்ன உத்தரவு? நான் போட்டதா? நான்தானடா சொல்றேன், பத்த வை! இங்க மனுஷன் செத்துருவான் போலருக்கு!"

கொஞ்ச நேரத்தில் சுவரோரக் குழாய் கடகடவென்று இருமியது. டாக்டரம்மா ஓடிப்போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே நின்று அழுதாள். கௌஹர் நரித்தோலுக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

ஓரல்பெக் தொல்கினின் பக்கத்தில் வந்து குனிந்தார். "இதெல்லாம் உன் பத்தியில வராதில்ல தங்கச்சி?"

"வரும் அகா. கேமராவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் தொல்கின். "இந்த மாவட்டத்துல குளிருதுங்கற உண்மைய ஒரு பெரிய அதிகாரி சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் பிள்ளைங்க உடம்பு விறைச்சப்ப இல்ல, அவர் உடம்பு விறைச்சப்ப. இப்பேர்ப்பட்ட பெருமைய உங்க பேரு போடாம எழுதினா, எனக்குப் பாவம் சேராதா?"