குழாயும் குடும்ப ஜெபமும்

கையோடு கழன்று வந்துவிட்ட குழாய்த் திருகைப் பிடித்துக்கொண்டு ஞானி சமையலறையில் நின்றார். தண்ணீர் அவர் சட்டைமேல், மூக்குக்கண்ணாடிமேல், காலையில் துடைத்து வைத்த அடுப்புமேல் என்று பாரபட்சம் பார்க்காமல் பீய்ச்சியடித்தது. கட்டைவிரலை வைத்து அடைத்தார். விரலைச் சுற்றி நாலு பக்கமும் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஞானி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, சபையில் ஒட்டிக்கொண்ட பெயர். தேவ ஞானத்தோடு வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கும் பலன்கள் என்று புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பு எடுத்துவந்தார். அது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை, எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. பலன்கள் அவ்வளவு இருந்தன. மற்றபடி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருடைய பார்வைக் கோளாறு அவருக்கு அத்துப்படி. தன்னுடையதைப் பார்க்கத்தான் மனிதருக்கு நேரமே கிடைத்ததில்லை.

குழாய் சொட்ட ஆரம்பித்த அன்றே அவர் மனைவி சொல்லிவிட்டாள், பிளம்பரைக் கூப்பிடுங்க, நீங்க தொடாதீங்க என்று. அவள் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். தூங்கும் நோயாளிகளுக்கு நடுவே பேசிப் பழகியவள் என்பதால் எதையும் மெதுவாகத்தான் சொல்வாள், ஒரு தடவைதான் சொல்வாள். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை பிளம்பரைக் கூப்பிட்டிருப்பார். "நீங்க தொடாதீங்க" என்றதுதான் அவருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. நல்ல யோசனையைக் காதில் வாங்குவதுதான் ஞானத்துக்கு ஆரம்பம் என்று அவரே வகுப்பில் வாய் வலிக்கப் பேசியிருக்கிறார். பேசியது மற்றவர்களுக்காக.

டியூட்டி முடிந்து வந்தவள் தோளில் பையோடு வாசற்படியில் நின்றாள். தரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நின்ற புருஷனைப் பார்த்தாள். தப்பு பண்ணிட்டேம்மா என்று அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்ல வாயைத் திறந்தவரும் அவர்தான். வந்த வார்த்தை வேறு.

"நீ தினமும் இறுக்கி இறுக்கி மூடுற. மரை தேஞ்சுபோச்சு, பாரு."

அவள் பையை மாட்டிவிட்டுத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு வந்தது, காபி வந்தது, இஸ்திரி போட்ட சட்டை வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. ஞானி பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் சாயங்கால ஜெபம் என்று ஒன்று இருக்கிறதே. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அது தவறியதில்லை. சண்டை என்றால் பேசாமல் இருக்கலாம், ஜெபிக்காமல் இருக்க முடியுமா? இருவரும் கூடத்தில் முழங்கால் போட்டார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு தணிந்த குரலில், "ஆண்டவரே, நல்லதைச் சொன்னா கேட்டுக்கிற காதைத் தாரும்" என்றாள்.

ஞானிக்குச் சுருக்கென்றது. அடுத்தது அவர் முறை. அவர் குரல் வகுப்புக் குரல், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். "ஆண்டவரே, பிடிவாதத்தை உடைத்துப்போடும். நாவை அடக்கியாளும். தப்பை ஒத்துக்கொள்ளுகிற தாழ்மையைத் தாரும்" என்று முழங்கினார். யாருடைய பிடிவாதம் என்று சொல்லவில்லை. ஜெபத்தில் ஆளைச் சுட்டிக் குறை சொல்வது ஞானத்துக்கு அழகில்லை அல்லவா? ஆண்டவருக்கு விலாசம் தெரியும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே புதிதாகக் குடிவந்திருந்த பஸ் டிரைவர் தனிக்கட்டையாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. சாயங்காலம் முழுக்க அவர் ரேடியோ பாடும். ஞானி ஜெபத்தை ஆரம்பித்ததும் டக்கென்று நின்றுவிடும். மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஞானி மெச்சிக்கொண்டார்.

தினமும் இப்படியே ஜெபம் நடந்து பத்து நாள் ஓடிய பிறகு, போதகர் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். பரிசோதனைக் கருவியில் மோவாயைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையில் எழுத்துகளைப் படித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஆராதனை. ஞானமாய் நடக்கும் வீட்டுக்கு என்ன பலன் என்று ஞானி சாட்சி சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் இருப்பார்கள்.

ஞானிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடுத்த எழுத்து வரைக்கும்தான் நின்றது.

"சிஸ்டரும் பக்கத்துல நிக்கணும் பிரதர். நீங்க மட்டும் பேசினா அது பிரசங்கம். அவங்களும் நின்னாத்தான் சாட்சி."

சிஸ்டர் தன்னோடு பேசுவதே இல்லை என்று போதகரிடம் எப்படிச் சொல்வது? ஞானி கையிலிருந்த வில்லையை மாற்றி மாட்டினார். எல்லாம் மங்கலா இருக்கே என்றார் போதகர். எனக்கும் அப்படித்தான் ஐயா என்று ஞானி மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மனைவியிடம் போய் மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லா வழியையும் அன்று யோசித்தார். கடைசியில் ஒன்று பிடிபட்டது. குழாயை முன்னைவிட நன்றாக மாற்றிவிட்டால் அவள் தானாக இறங்கி வருவாள். போகிற வழியில் பளபளவென்று ஒரு புதுக் குழாய் வாங்கினார். அது சுவரிலிருந்த பைப்பில் ஏறவில்லை. அளவு சரியில்லை என்று தெரிந்தும் ஸ்பேனரால் அழுத்தித் திருகினார். சுவருக்குள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

வெளியே ஒரு சொட்டு வரவில்லை. ஞானி நெஞ்சை நிமிர்த்தினார். கொஞ்ச நேரத்தில் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. பிறகு சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்தது. பதறிப்போய்க் கொல்லைப்பக்கம் ஓடி, கைக்குக் கிடைத்த வால்வைப் பிடித்து மூடினார். அது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்த வால்வு.

கதவு தட்டப்பட்டது. திறந்தால், தலையெல்லாம் சோப்பு நுரையும் தோளில் துண்டுமாக டிரைவர் நின்றார். ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை பாவம். தண்ணி நின்னுபோச்சு சார், உங்க வீட்டுலயும் அப்படித்தானா என்று பணிவாக விசாரித்தார்.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் தன்னை என்ன நினைப்பாரோ என்று ஞானிக்குக் கூச்சம் வந்துவிட்டது. அந்தக் கூச்சம் அவர் வாயைப் பிடுங்கியது.

"எங்க வீட்டுக்காரம்மா குழாயை உடைச்சு வச்சிருக்காங்க சார். என்ன பண்றது, சொன்னா கேட்டாத்தானே."

சொல்லி முடித்த பிறகுதான், உள்ளறையில் மனைவி யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. இஸ்திரிப்பெட்டி நகரும் சத்தம் நின்று, பிறகு மறுபடி நகர்ந்தது. டிரைவர் நுரையைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை சார், அவங்களைத் திட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைய ஜெபத்தில் மனைவி, "ஆண்டவரே, உண்மை பேசுகிற உதடுகளைத் தாரும்" என்றாள். அது நியாயம்தான் என்று ஞானிக்கே தெரிந்தது. நியாயம் என்று தெரிந்ததால்தான் கோபம் இன்னும் வந்தது. "கல்லான இருதயத்தை இளகப்பண்ணும் ஆண்டவரே. மேட்டிமையை முறித்துப்போடும். ஞாயிற்றுக்கிழமை துணையாக நிற்கிற நல்ல மனதைத் தாரும்" என்று, ஒரு விண்ணப்பத்தையும் நடுவில் செருகிக் குரலை உயர்த்தினார். மேடைக்குக் கூப்பிடும் தகவல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அவள் ஆமென் என்றாள். அதில் சம்மதம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மனைவியே பிளம்பரை வரவழைத்தாள். அவர் சுவரை உடைத்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். வேலை முடிந்து சாமான்களைப் பைக்குள் போடும்போது, இவ்வளவு நாசம் பண்ணியிருக்காங்களே, யாருங்க இதுல கை வச்சது என்று கேட்டார்.

ஞானி கூரையில் எதையோ தேடினார். கூரையில் ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றாள் மனைவி.

பிளம்பர் அவளுக்கு அறிவுரை சொன்னார். இனிமே தெரியாத வேலையில இறங்காதீங்கம்மா, வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்கல்ல, ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஞானி கூனிக்குறுகி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தில் குத்திக்காட்டும் குறி ஒன்றும் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. வகுப்பில் அவர் விளக்கு விளக்கு என்று விளக்கிய ஞானம், வெள்ளைப் புடவையும் களைத்த முகமுமாக எதிரே நின்று பிளம்பருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எழுந்தார். பிளம்பரின் காலி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஜெபத்தில் அவருக்கு ஆமென் தவிர வேறு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மண்டபம் நிரம்பி வழிந்தது. போதகர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். ஞானி பெயரைச் சொல்லி அழைத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மேடையேறினார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. வராவிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். நோயாளிக்குப் பிடிப்பதுபோல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். எழுதி வந்த சாட்சி அவருக்கு மறந்துபோனது.

"பலனைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லைங்க" என்று ஆரம்பித்தார். வகுப்புக் குரல் எங்கே போனதோ, முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. "எங்க வீட்டுக் குழாயை உடைச்சது நான். பழியை இவமேல போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் இவதான் உடைச்சான்னு சொன்னேன். பிளம்பர் கேட்டப்போ, நான்தான்னு இவ முந்திக்கிட்டா. எங்க வீட்டுல ஞானம் இருக்குங்க. ஆனா அது இருக்கிற இடம் நான் இல்ல." பிறகு திரும்பி, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

"சரிங்க" என்றாள் மனைவி. எத்தனையோ நாள் கழித்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. ஞானிக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் ஜெபங்களைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. குழாய் விஷயம் சபைக்குத் தெரியலாம். ஜெப விஷயம் தெரிந்தால் புதன்கிழமை வகுப்பு என்ன ஆவது?

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பஸ் டிரைவர். தலை படிய வாரியிருந்ததால் ஞானிக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சாருக்குப் பக்கத்து வீடுங்க. சார் இப்போ சொன்னது கொஞ்சம்தான். மிச்சத்தை நான் சொல்லிடறேன். எங்களுக்கு நடுவுல இருக்கறது ஒத்தைச் செங்கல் சுவரு. சார் பண்ற ஜெபம் முழுக்க எனக்குக் கேக்கும்."

ஞானி முகத்தில் ஈயாடவில்லை. முழங்கையைப் பிடித்திருந்த மனைவியின் விரல்கள் இறுகின. அவள் ஜெபித்தது எந்தச் சுவரையும் தாண்டியிருக்காது. தாண்டியது ஒரே ஒரு குரல்.

டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "பிடிவாதத்தை உடையும், நாக்கை அடக்கும், தப்பை ஒத்துக்கிற தாழ்மையைக் கொடும்னு தினமும் கதறுவார். அதைக் கேக்கத்தான் நான் ரேடியோவை நிறுத்துவேன். இவ்வளவு படிச்ச மனுஷனே தன் குறையை இப்படிப் போட்டு உடைக்கிறாரே, நமக்கென்ன வீம்புன்னு தோணிச்சு. நேத்து போய் இவ கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

மண்டபம் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. போதகர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞானியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று சபை நினைத்தது. அவள் சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும்.

இதையும் சொல்லிவிட வேண்டும், இதை மறைத்தால் சொன்னது அத்தனையும் பொய்யாகிவிடும் என்று ஞானி மைக்கைப் பிடித்தார். அதற்குள் டிரைவரின் மனைவி எழுந்துவிட்டாள். அவரைத் தலையோடு கால் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"இவர் வந்து சொன்னப்போ நான் நம்பலைங்க. பொண்டாட்டியைப் பத்தி ஆண்டவர்கிட்டக் கோள் மூட்டாம, தன் தப்பை மட்டும் சொல்லி ஜெபம் பண்ற புருஷன் ஒருத்தர் இருக்காராமே, அவரை ஒரு தடவை கண்ணால பார்த்துடலாம்னுதான் வந்தேன்."