பிரேக் லைட்டைப் பார்க்க ஓர் ஆள் தேவை

மரக்காணம்,
புதன்கிழமை.

பெருமுக்கலில் இருக்கும் அன்பு மைத்துனர் கலியன் அவர்களுக்கு, உங்கள் அக்கா பாக்கியலட்சுமியின் கணவன் சகாதேவன் எழுதுவது. இங்கே நானும் காரும் அவ்வளவு நலமில்லை. அங்கே உங்கள் நலத்தையும், வீட்டில் எல்லோர் நலத்தையும், அக்காவின் கோபம் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதையும் அறிய ஆசை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். அக்கா என் நம்பரை பிளாக் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. உங்களுக்குப் போன் போட்டால், "அக்கா மலைக்கோயிலுக்குப் போயிருக்குது மாமா" என்கிறீர்கள். சனிக்கிழமை ஒரே நாளில் நான்கு தடவை சொன்னீர்கள். மூட்டுவலிக்காரி ஒரு நாளில் நான்கு தடவை பெருமுக்கல் மலை ஏறினாள் என்றால், அவளைத்தான் கும்பிட வேண்டும். ஆகவே ஓர் உதவி. இந்தக் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கவும். மனசுக்குள் படிக்க வேண்டிய இடத்தை நானே சொல்கிறேன்.

விஷயம் காரின் பிரேக் லைட். வேறு விஷயமே இல்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. அன்றைக்கு ஈசிஆர் திருப்பத்தில் ஆடு குறுக்கே வந்து, நான் பிரேக் அடிக்க, பின்னால் வந்த ஷேர் ஆட்டோ நம் டிக்கியில் முட்டியதும் இதனால்தான். மெக்கானிக் தங்கராசுவுக்குப் போன் செய்தேன். "ஃபியூஸப் பாருங்க, பல்பப் பாருங்க, ரெண்டும் நல்லா இருந்துச்சுன்னா உப்புக் காத்துல எங்கியோ துரு புடிச்சிருக்கும். ஒருத்தர் மிதிச்சு, ஒருத்தர் பின்னால நின்னு பாக்கணும். வூட்ல யாரும் இல்லியா?" என்றான். நாளைக்கு வருகிறேன் என்றவன் இன்றுவரை வரவில்லை. வீட்டில் யாரும் இல்லையா என்று என்னைக் கேட்கிறான் பாருங்கள்! ஃபியூஸ் நன்றாக இருந்தது. புது பல்பு மாட்டி, பெடலை மிதித்துவிட்டுப் பின்னால் ஓடினேன். நான் ஓடும்போது என் காலும் கூடவே வந்துவிடுகிறது என்பது மூன்றாவது தடவைதான் புரிந்தது. பிறகு உப்பு வாரும் பலகையைக் கொண்டுவந்து, அதன் நீளக் கைப்பிடியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். அது வழுக்கி ஹாரனில் போய் நின்றது, தெருவே கூடிவிட்டது. அப்புறம் உப்பு மூட்டை. உப்பளத்தில் எது நகரக் கூடாதோ அதன்மேல் ஒரு மூட்டையை வைப்பதுதானே வழக்கம், முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பெடல்மேல் வைத்தேன், மூட்டை சரிந்து வாய் பிரிந்தது. மறுநாள் காலையில் கார் தரையெல்லாம் ஈரம் கசிந்து கிடக்கிறது. துருப் பிடித்த காருக்குள் நானே ஒரு பாத்தி கட்டிவிட்டேன்.

கடைசியில் எதிர்வீட்டு விருத்தாம்பாளைப் பின்னால் நிற்க வைத்தேன். "எரியுதாம்மா?" "எரியுதுப்பா." "கால எடுத்துட்டேன், இப்போ?" "இப்பவும் எரியுதுப்பா." இறங்கிப் பார்த்தால், சாயங்கால வெயில் சிவப்புக் கண்ணாடியில் பட்டு மின்னுவதைத்தான் அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போது, "ஆமா, பாக்கியத்த எங்க காணோம்? வாசல்ல கோலமே இல்லியே" என்று வேறு கேட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்கள் அக்கா வாயால் சொல்ல மாட்டாள். எரிந்தால் டிக்கியில் ஒரு தட்டு, எரியாவிட்டால் இரண்டு தட்டு. இத்தனை வருஷமாக எங்களுக்குள் அதுதான் கணக்கு. நேற்றுகூடப் பெடலை மிதித்துவிட்டு, தட்டுவாள் என்று உட்கார்ந்தே இருந்தேன். யார் தட்டுவது? வீடு நன்றாக இல்லை மச்சான். டீவியை எந்த சேனலில் வைத்தாலும் மாற்றச் சொல்ல ஆள் இல்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இனி வருவதை இன்னும் சத்தமாகப் படிக்கவும். அன்று கிளம்பும் முன் அவள் இரண்டு தட்டுதான் தட்டினாள். எனக்கு நன்றாகக் கேட்டது. என் தங்கை மகள் கீதாஞ்சலியின் வளைகாப்புக்கு நேரமாகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தவன் நான். ஆட்டோ முட்டிக் கூட்டம் கூடியதும், "எரியுதுன்னு இவதாங்க சொன்னா" என்று அத்தனை பேர் எதிரில் அவளைக் கைகாட்டிவிட்டேன். அவள் மடியில் இருந்த சீர்த்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் ஊர் வழியாகப் போகும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருப்பத்து டீக்கடைக்குப் போய், "அன்னிக்குப் பொய் சொன்னது நான்தாங்க" என்றேன். டீக்கடைக்காரர், "எந்தப் பொய்?" என்றார். ஆட்டிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இப்போது மனசுக்குள் படிக்கவும்: சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றதா? நின்றிருந்தால் தொடரவும். கூடியிருந்தால் கடிதத்தை மடித்துவிட்டு வெளியே போய்விடவும்.

நான் அதிகம் கேட்கவில்லை. அரை மணி நேரம் அக்கா வந்து காருக்குப் பின்னால் நின்றால் போதும். லைட்டைப் பார்த்ததும் நானே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமலும், ஒருவர் கோபத்துக்கு ஒருவர் தப்பித்தும் பல்லாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
சகாதேவன்

பி.கு.: இதை நீங்கள் படிக்க வேண்டாம். மடித்து அக்கா கையில் கொடுக்கவும்.

பாக்கியம், லைட்டு எரியுது. தங்கராசு போன வாரமே வந்து, பின்னால இருந்த துருவ சுரண்டி, பத்து நிமிஷத்துல முடிச்சிட்டான். வரலன்னு அவன் மேல பழி போட்டது நான்தான், இன்னும் திருந்தல பாரு. உன்னக் கூப்புட ஒரு சாக்கு வேணுமேன்னு பல்பக் கழட்டி சட்டப் பையில வச்சிருக்கேன். டீக்கடையில சொன்னது மட்டும் நெஜம். அரை மணி நேரம்னு எழுதினதும் பொய்தான், எனக்கு அது போதாது. ஞாயித்துக்கெழம மொத பஸ்ல அங்க வர்றேன். நீ வரமாட்டேன்னு சொன்னா நானும் அங்கயே தங்கிடறேன், துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். கலியனுக்கு இத இப்பவே சொல்லிடாத.